ஒர்க்‌ஷாப் பழைய ஆயில் விக்கறவங்களுக்கு: பொல்யூஷன் போர்டு பேப்பர் பத்தி என் அனுபவம்

கோயம்புத்தூர்ல எங்க மாமா வச்சிருக்கற கார் சர்வீஸ் சென்டர்ல ஆபீஸ் வேலை மொத்தமும் நான்தான் பாத்துக்கறேன். பில்லு, ஜிஎஸ்டி, பிஎஃப் இதெல்லாம் ஆடிட்டர் தயவுல ஓடிரும். ஆனா இந்த பொல்யூஷன் போர்டு பேப்பர் இருக்கே, அதை யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல, பக்கத்து ஒர்க்‌ஷாப்ல கேட்டா "அதெல்லாம் சாயப்பட்டறைக்கும் பெரிய ஃபவுண்டரிக்கும்தாங்க, நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு சொல்லி முடிச்சிர்றாங்க. அது சரியில்லைங்க. கார்ல இருந்து இறக்கற பழைய இன்ஜின் ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு, 2016ல வந்த ஹசார்டஸ் வேஸ்ட் ரூல்ஸ்ல முதல் அட்டவணைல 5.1னு நம்பர் போட்டே இருக்கு, மாசம் ரெண்டு பேரல் விக்கறவங்களும் அதுக்குள்ளதான் வர்றோம். நான் ஃபைல் ஃபைலா பாத்து, டிஇஇ (பொல்யூஷன் போர்டோட மாவட்ட இன்ஜினியர்) ஆபீஸ்ல நின்னு கேட்டு, ஆயில் எடுக்க வர்றவங்ககிட்ட பேசிப் பேசித் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் இங்க எழுதறேன், யாருக்காவது ஒருத்தருக்கு உதவுனாலும் சந்தோஷம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துக்கலாம். கன்சென்ட் வேற, ஆதரைசேஷன் வேற. கன்சென்ட்ங்கறது தொழில் நடத்தற அனுமதி, 1974 தண்ணி சட்டம், 1981 காத்து சட்டம் ரெண்டுக்கும் கீழ வாங்கறது, கார் சர்வீஸ், ரிப்பேர், பெயிண்டிங் பண்ற ஒர்க்‌ஷாப்புங்க ஆரஞ்சு கேட்டகிரில (மாசு அளவை வச்சு போர்டு பிரிச்சிருக்கற வகைல ஒண்ணு) வரும். ஆதரைசேஷன் அந்தக் கழிவை உங்க இடத்துல வச்சிருக்கவும் வெளிய அனுப்பவும் தனியா வாங்கறது, ஃபார்ம் 1ல அப்ளை பண்ணணும், ஃபார்ம் 2ல குடுப்பாங்க, அஞ்சு வருஷம் செல்லும். நிறைய பேர் கன்சென்ட் ஆர்டரை ஃப்ரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டிட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கறாங்க, ஆயில் எடுக்க வர்ற முறையான ரீசைக்கிளர் "உங்க ஆதரைசேஷன் நம்பர் என்னங்க"ன்னு கேக்கறப்பதான் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரிய வருது. ரெண்டுமே போர்டோட ஆன்லைன் போர்ட்டல்லதான் அப்ளை பண்றது. எல்லா பேப்பரும் சரியா இருந்தா 120 நாளுக்குள்ள ஆதரைசேஷன் குடுக்கணும்னு விதிலயே இருக்கு, அதனால பழசு முடியப் போற கடைசி மாசத்துல ஓடாதீங்க, முன்னாடியே போட்டு வச்சிருங்க.

அப்ளிகேஷன் போடறப்ப எல்லாரும் யூஸ்டு ஆயிலை மட்டும் எழுதிட்டு விட்டுர்றாங்க. உங்க ஷெட்டைச் சுத்தி ஒரு தடவ நடந்து பாருங்க, கை துடைச்சுப் போட்ட பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை இருக்கும், அது அதே அட்டவணைல 33.2. ஆயில், கெமிக்கல் வந்த காலி பேரல், கேன் இருக்கும், அது 33.1. வாட்டர் வாஷ் தண்ணி போற ட்ராப்ல மேல மிதக்கற ஆயிலை வழிச்சு எடுப்பாங்க, அது 35.4. தண்ணிய ட்ரீட் பண்ற ப்ளான்ட் இருந்தா அடில தங்கற ஸ்லட்ஜ் 35.3. இதெல்லாம் ஆதரைசேஷன்ல ஏறலைன்னா இதை யாருக்கும் முறையா அனுப்பவே முடியாது, அந்த மூட்டை அப்படியே மூலைல கெடக்கும், இல்லைன்னா ஒருநாள் ராத்திரி குப்பையோட குப்பையா போயிரும், நம்மூர்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான் நடக்குது. அதனால முதல் அப்ளிகேஷன்லயே எல்லாத்தையும் எழுதுங்க, அளவு கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல.

அளவுன்னு சொன்னதும் இதையும் சொல்லிர்றேன், இதுல மாட்டாதவங்க கம்மி. ஆதரைசேஷன்ல வருஷத்துக்கு இத்தனை டன்னுன்னு எழுதியிருக்கும். ஆயில் எடுக்கறவர் லிட்டர்ல கணக்கு பேசுவார். பில்லு லிட்டர்ல போடுவாங்க, மேனிஃபெஸ்ட்ல (கழிவோட வண்டில போற சீட்டு) டன்னு எழுதணும். பழைய ஆயில் தண்ணிய விட லேசானது, ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.88 கிலோ வரும், ஆக 200 லிட்டர் இருக்கற ஒரு பேரல் 176 கிலோ பக்கம்தான். இதை ஒரு லிட்டர் ஒரு கிலோன்னு எழுதிட்டே போனா வருஷக் கடைசில நீங்க அனுப்புன கணக்கும் எதிர்ல வாங்குனவங்க எடை போட்டு எழுதுன கணக்கும் ஒத்துப் போகாது, உங்களுக்கு குடுத்த அளவைத் தாண்டிட்ட மாதிரி கூட காட்டும். நாங்க ஆபீஸ் சுவத்துல ஒரு அட்டைல பேரல் கணக்கு, லிட்டர் கணக்கு, கிலோ கணக்கு மூணையும் எழுதி ஒட்டிட்டோம், நான் லீவுல இருந்தாலும் வேற யாராவது பாத்து எழுதிக்கலாம்.

அடுத்தது வச்சிருக்கறது. விதிப்படி 90 நாளுக்கு மேல வச்சிருக்கக் கூடாது, வருஷத்துக்கு பத்து டன்னுக்குள்ள வர்ற சின்ன இடங்களுக்கு போர்டு 180 நாள் வரைக்கும் நீட்டிக் குடுக்கலாம், அதுவும் கேட்டு வாங்குனாதான், தானா கிடையாது. கூரை வேணும், சிமென்ட் தரை வேணும், சுத்தி ஒரு சின்னக் கட்டு கட்டிருக்கணும், பேரல் ஓட்டையானா வெளிய ஓடக் கூடாது பாருங்க அதுக்கு. பேரல் மேல ஃபார்ம் 8 லேபிள் ஒட்டணும், பளிச்சுன்னு இருக்கற மஞ்சள் பின்னணில அபாயகரமான கழிவு, கவனமா கையாளவும்னு செவப்புல, இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் மூணுலயும். தண்ணி பட்டா அழியக் கூடாது. ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து செல்லோடேப் ஒட்டறது ரெண்டு மழைக்குத் தாங்காது, ஃப்ளெக்ஸ் கடைல வினைல் ஸ்டிக்கரா அடிச்சுக்கங்க, செலவு ஒண்ணும் பெருசில்ல. லேபிள்ல எந்த தேதில இருந்து வச்சிருக்கோம்னு ஒரு இடம் இருக்கும், அதை மார்க்கர்ல நிரப்புங்க. இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அதிகாரி நேரா பேரல்கிட்ட போய் முதல்ல அந்த தேதியத்தான் பாக்கறாங்க. கேட்டுக்கு வெளிய போர்டு ஒண்ணு வைக்கச் சொல்லுவாங்க, என்ன கழிவு எவ்வளவு இருக்குன்னு பொதுமக்கள் பாக்கற மாதிரி, அது சுப்ரீம் கோர்ட் 2003ல போட்ட உத்தரவுல இருந்து வந்தது, அதையும் வச்சிருங்க.

பசங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லி வைங்க. ஆயில் பேரல்ல ஆயிலைத் தவிர வேற எதையும் ஊத்தக் கூடாது. கூலன்ட் மாத்துனா அது தனி கேன், பெயிண்ட் பூத்ல மிஞ்சற தின்னர் தனி கேன். ஏன்னா யூஸ்டு ஆயில்னு சட்டம் ஒத்துக்கறதுக்கு அளவுகோல் இருக்கு, ஈயம் 100 பிபிஎம்முக்குள்ள இருக்கணும்ங்கற மாதிரி ஒரு பட்டியலே இருக்கு, கண்டதையும் கலந்தா அது திரும்ப சுத்திகரிக்க லாயக்கில்லாம போயிரும். எங்ககிட்ட எடுக்க வர்றவர் ஒரு சின்ன ஹாட் பிளேட்டு கொண்டுட்டு வருவார், அதை சூடு பண்ணி பேரல் அடில இருந்து குழாய்ல உறிஞ்சுன ஆயிலை ஒரு சொட்டு விடுவார். நல்ல ஆயில்னா புகை மட்டும் லேசா வரும். தண்ணி கலந்திருந்தா கடுகு தாளிக்கற மாதிரி சடசடன்னு வெடிக்கும். வெடிச்சா அன்னிக்கு ரேட்டு எறங்கிரும், ரொம்ப வெடிச்சா பேரலையே தொட மாட்டார். பசங்க அதைப் பக்கத்துல நின்னு ஒருதடவ பாத்தப்புறம் கூலன்ட் பிரச்சனை தானா நின்னு போச்சு, நான் பத்து தடவ சொல்லி நடக்காதது அது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், யாருக்கு விக்கறது. உங்களுக்கும் அனுபவம் இருக்கும், டாடா ஏஸ்ல காலி பேரலைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வருவார், "தம்பி, மத்தவங்கள விட லிட்டருக்கு ரெண்டு ரூவா சேத்தித் தர்றனுங்க, பேப்பர் கீப்பர்லாம் எதுக்குங்க, கையில காசு வாங்கிக்கங்க"ம்பார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசுவார். அந்த ஆயில் எங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. கொஞ்சம் சென்ட்ரிங் பலகைல தடவப் போகும், கொஞ்சம் ஏதோ ஒரு சூளைலயோ ஃபர்னஸ்லயோ அப்படியே எரியும், கொஞ்சம் வடிகட்டி கலர் ஏத்தி புது டப்பால அடைச்சு ஏமாந்தவங்க பைக்குக்கே திரும்ப வரும். விக்க முடியாத கசடு ஓடைலயோ பாழுங்கிணத்துலயோதான் விழும். நம்ம பக்கம் நிலத்தடி தண்ணி ஏற்கனவே என்ன லட்சணத்துல இருக்குன்னு நொய்யலைப் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. இதுல நம்ம பங்கு வேண்டாம்ங்கறதுதான் எனக்கு முதல் காரணம், அபராதம் எல்லாம் அப்புறம்தான்.

ஆனா அபராதமும் சாதாரணமில்லைங்க. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டத்துல முன்னாடி அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் அபராதம்னு இருந்துச்சு, ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து 2024 ஏப்ரல் 1ல இருந்து மாத்திட்டாங்க, ஜெயிலை எடுத்துட்டு அபராதத்தை பத்தாயிரத்துல இருந்து பதினஞ்சு லட்சம் வரைக்கும்னு வச்சிட்டாங்க. ஜெயில் இல்லையேன்னு சிலபேர் நிம்மதியா பேசறாங்க, நான் அப்படி பாக்கல, கேஸ் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்குல இழுக்கறதுக்குப் பதிலா அதிகாரி மட்டத்துலயே அபராதம் போட முடியும், சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு பதினஞ்சு லட்சம்னா கதவைச் சாத்த வேண்டியதுதான். அதுபோக கழிவால ஏதாவது கேடு வந்தா அதை உண்டாக்குன இடத்துக்கும் வாங்கிக் கையாளற இடத்துக்கும் பொறுப்பு இருக்குன்னு விதிலயே எழுதியிருக்கு. எங்க ஏரியால ஒரு ஒர்க்‌ஷாப்புல நடந்தது இது, அவங்க பேரு ஒட்டுன பேரல் ஒண்ணு கசடோட ஒரு தோட்டத்துக்காரர் கிணத்து மேட்டுல கிடந்துச்சு. அவங்க அந்த பக்கமே போனதில்ல, எடுத்துட்டுப் போனவர் போட்டுட்டுப் போனது. விசாரிக்க வந்தப்ப அவங்க கையில இருந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதுல ஒரு தொகையும் ஒரு செல்போன் நம்பரும், அந்த நம்பர் எடுக்கவே இல்ல.

அதனால வாங்கறவர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்றேன். அவரோட ஆதரைசேஷன் காப்பி கேளுங்க, முதல் பக்கம் மட்டும் பாத்துட்டு விட்டுராதீங்க, உள்ள பட்டியல்ல 5.1 இருக்கான்னு பாருங்க, எந்த தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க, முகவரி எந்த ஊருன்னு பாருங்க. அடுத்தது பாஸ்புக். ரீசைக்கிளருக்கு போர்டு ஒரு பாஸ்புக் குடுத்திருக்கும், எங்கெங்க எவ்வளவு எடுத்தாங்கன்னு அதுல ஏறணும், அந்த என்ட்ரி போட்டப்புறம்தான் நாம சரக்கை ஒப்படைக்கணும்னு விதி, இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. பாஸ்புக்னு கேட்டதும் முழிக்கறவர்னா அங்கயே பேச்சை முடிச்சுக்கங்க. 2024 ஏப்ரல்ல இருந்து யூஸ்டு ஆயிலுக்கு இபிஆர் (தயாரிக்கறவங்களே பழசுக்கும் பொறுப்பு ஏத்துக்கற முறை) வந்திருக்கு, ஆயில் தயாரிக்கற கம்பெனிகளும் சேகரிக்கறவங்களும் ரீசைக்கிளரும் சிபிசிபி (மத்திய பொல்யூஷன் போர்டு) போர்ட்டல்ல பதிவு பண்ணணும், அதனால அந்த ரெஜிஸ்ட்ரேஷனையும் கேக்கலாம். இடைல ஏஜென்ட் வந்தாலும் கடைசில எந்த ப்ளான்ட்டுக்குப் போகுதுன்னு பேரு சொல்லச் சொல்லுங்க.

இப்ப மேனிஃபெஸ்ட். ஃபார்ம் 10. மொத்தம் ஏழு காப்பி, ஏழுக்கும் கலர் வேற வேற. வெள்ளை நாம போர்டுக்கு அனுப்பறது. மஞ்சள் வண்டிக்காரர் கையெழுத்து வாங்கி நாம வச்சுக்கறது. மத்த அஞ்சும் வண்டியோட போகும், போய்ச் சேந்தப்புறம் பிங்க் வாங்குனவர் வச்சுக்குவார், ஆரஞ்சு வண்டிக்காரருக்குக் குடுப்பார், பச்சை அவர் போர்டுக்கு அனுப்புவார், நீலம் கையெழுத்தோட நமக்குத் திரும்பி வரணும். சாம்பல் கலர் வெளி மாநிலத்துக்குப் போனா மட்டும், அனுப்புன மாநிலத்து போர்டுக்கு. இதுல நான் கண் வச்சிருக்கறது அந்த நீலத்து மேலதான். மஞ்சள் கையில இருந்தா சரக்கு நம்ம கேட்டைத் தாண்டுனதுக்கு ஆதாரம், அவ்வளவுதான். அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்ததுக்கு ஆதாரம் நீலம் மட்டும்தான். அது வர்ற வரைக்கும் அந்த ஆயில் நம்ம பொறுப்புலதான் இருக்குன்னு நான் எடுத்துக்கறேன். ஒரு வாரத்துல வரலைன்னா ஃபோன் பண்ணுவேன், அடுத்த லோடு எடுக்க வர்றப்ப "அண்ணா, போன தடவ நீலம் குடுத்துட்டு பேரல்ல கை வைங்க"ன்னு சொல்லிருவேன். முதல்ல கொஞ்சம் முகம் சுளிச்சாங்க, இப்ப அவங்களே வர்றப்ப கையோட கொண்டு வந்துர்றாங்க.

மேனிஃபெஸ்ட்ட நிரப்பறப்ப வண்டி நம்பரை அவங்க சொல்றதைக் கேட்டு எழுதாதீங்க, வெளிய போய் நம்பர் பிளேட்டைப் பாத்து எழுதுங்க, ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க. கடைசி நேரத்துல வண்டி மாறி வர்றது ரொம்ப சகஜம். எத்தனை பேரல், திரவமா கசடா, எடை எவ்வளவு, ரெண்டு பக்கத்து ஆதரைசேஷன் நம்பரும் எல்லாம் நிரம்பியிருக்கணும். சிலபேர் வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, நாங்க நிரப்பிக்கறோம்பாங்க. வேண்டாம், வெறும் செக்குல கையெழுத்துப் போட்டுத் தர்றதுக்கு யாரும் ஒத்துக்க மாட்டோம், இதுவும் அதே அளவு ஆபத்து. டிரைவர் கையில ட்ரெம் கார்டுன்னு ஒண்ணு இருக்கணும், ஃபார்ம் 9, வழில கொட்டுனா என்ன பண்ணணும், யாரைக் கூப்பிடணும்னு அதுல இருக்கும்.

சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு இருக்கற நெஜமான கஷ்டம் ஒண்ணு உண்டு, முறையான ரீசைக்கிளர் ஒரு பேரல் ரெண்டு பேரலுக்கெல்லாம் வண்டி அனுப்ப மாட்டார், டீசல் காசு கட்டாது. டாடா ஏஸ்காரர்கிட்ட நாம போய் விழறதே இதனாலதான். நாங்க பக்கத்து ரோட்டுல இருக்கற நாலஞ்சு ஒர்க்‌ஷாப்காரங்ககிட்ட பேசி ஒரே நாள்ல எடுக்கற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், வண்டி ஒண்ணு, ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மேனிஃபெஸ்ட், தனித்தனி பில்லு. எல்லார் ஆயிலையும் ஒருத்தர் இடத்துல சேத்து வச்சு அவர் பேர்ல அனுப்பிரலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, நான் ஒத்துக்கல, ஏன்னா மத்தவங்க கழிவை வாங்கி வைக்கறது தனி வேலை, அதுக்குத் தனியா அனுமதி வேணும். இப்படி சேந்து செஞ்சதுல ரேட்டும் கொஞ்சம் நல்லா பேச முடிஞ்சுது, டாடா ஏஸ்காரர் குடுக்கறதுக்கும் இதுக்கும் இருந்த வித்தியாசம் கம்மியாயிருச்சு.

பனியன் வேஸ்ட், ஸ்லட்ஜ் இதுக்கெல்லாம் காசு வராது, நாமதான் குடுத்து அனுப்பணும். கும்மிடிப்பூண்டில இருக்கற பொது சுத்திகரிப்பு இடத்துக்கு அனுப்பலாம், இல்லைன்னா சிமென்ட் ஆலை சூளைல எரிக்கறதுக்கு அனுமதி வாங்கி சேகரிக்கறவங்ககிட்ட குடுக்கலாம். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி மாநிலத்தோட அந்தக் கோடி, கொஞ்சூண்டு மூட்டைக்கு வாடகை குடுத்தா மனசு வலிக்கும், இதையும் சேந்து அனுப்புனாதான் கட்டுபடியாகும். பழைய பேட்டரியை 2022 பேட்டரி விதிப்படி டீலர்கிட்டயோ பதிவு பண்ண ரீசைக்கிளர்கிட்டயோ குடுத்து ரசீது வாங்கிக்கங்க, ஆசிட்டைக் கீழ ஊத்திட்டு பிளேட்டை மட்டும் விக்கறவங்க இன்னமும் இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் எல்லாம் காயலாங்கடைக்குப் போறது போகட்டும், ஆயில் ஒட்டுன காலி கேனை மட்டும் அதுல சேக்காதீங்க.

ஓட்டல், பேக்கரி வச்சிருக்கறவங்க இதைப் படிச்சா உங்களுக்கும் ஒரு வரி: ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் பொரிக்கறதுக்குச் செலவு பண்றவங்க 2019 மார்ச்ல இருந்து கணக்கு எழுதி, அந்தப் பழைய எண்ணெயை அங்கீகாரம் உள்ளவங்ககிட்டதான் குடுக்கணும்னு ஃபுட் சேஃப்டில விதி இருக்கு. எங்க மச்சான் மெஸ் நடத்தறார், அவருக்கும் இதேதான் சொன்னேன், பேரு தெரியாதவருக்கு டின்னுல ஊத்திக் குடுக்காதீங்க, அது திரும்ப எந்தத் தள்ளுவண்டி வாணலிக்குப் போகும்னு தெரியாது.

கடைசியா ரெண்டு ஃபார்ம் பாக்கி இருக்கு. ஃபார்ம் 3 உங்க இடத்துலயே வச்சிருக்கற பதிவேடு, தேதி, எந்த வகை, எவ்வளவு, எப்படி வச்சிருக்கோம், யாருக்குப் போச்சு, இவ்வளவுதான். இதை மாசக் கடைசில உக்காந்து யோசிச்சு எழுதாதீங்க, எல்லா வரியும் ஒரே பேனா ஒரே கையெழுத்துல ஒரே மூச்சுல எழுதுன மாதிரி இருந்தா பாக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். எங்ககிட்ட ஜாப் கார்டு க்ளோஸ் பண்றப்பவே எத்தனை லிட்டர் இறங்குச்சுன்னு சூப்பர்வைசர் எழுதிருவார், சாயங்காலம் அதைக் கூட்டி நான் ஏத்திருவேன். ஃபார்ம் 4 வருஷாந்திர ரிட்டன், ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்குமான கணக்கு, ஜூன் 30க்குள்ள போர்டுக்குப் போகணும். ஃபார்ம் 3 ஒழுங்கா இருந்தா ஃபார்ம் 4 அரை மணி நேர வேலைதான். போன வருஷ மிச்சம், இந்த வருஷம் சேந்தது, அனுப்புனது, கையிருப்பு, இந்த நாலும் மேனிஃபெஸ்ட் கட்டோட பொருந்தணும். நீங்க புதுசா வாங்குன ஆயிலோட பர்ச்சேஸ் பில்லையும் ஒருதடவ பக்கத்துல வச்சுப் பாத்துக்கங்க, வருஷத்துக்கு ரெண்டாயிரம் லிட்டர் புது ஆயில் வாங்கிட்டு முன்னூறு லிட்டர்தான் பழசு வந்துச்சுன்னு காட்டுனா மீதி எங்க போச்சுன்னு கேப்பாங்க, கேக்கறதும் நியாயம்தான்.

இதுவரைக்கும் எதுவுமே வாங்காதவங்க ஒரு கன்சல்டன்ட்டை வச்சுப் பண்ணிக்கலாம், தப்பில்ல, ஆனா போர்ட்டல் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் உங்க செல் நம்பர், உங்க மெயில்ல இருக்கட்டும், அவங்களோடதுல வேண்டாம். ரின்யூவல் நேரத்துல அந்த ஆளு ஊருல இல்லைன்னா உங்க ஃபைலை நீங்களே திறக்க முடியாமப் போயிரும்.